மேஜர் கோல்ஃப்: லீடர்போர்டை எப்படிப் படிப்பது, ‘ஆட்ஸ்’ எண்ணுக்குள் என்ன இருக்கு, இந்தியாவில் பெட் கட்டலாமா?

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், லாஸ் வேகாஸ் போய் டைகர் வுட்ஸ் மீது 85,000 டாலர் கட்டினார். மாஸ்டர்ஸ் போட்டியில் வுட்ஸ் ஜெயிப்பார் என்பது பந்தயம். ஆட்ஸ் 14/1. வுட்ஸ் கடைசியாக மேஜர் பட்டம் வென்று அப்போது 11 வருஷம் ஆகியிருந்தது. கடைசி நாள் தொடங்கும்போது அவர் இரண்டு ஷாட் பின்னால் இருந்தார். முன்னிலையில் இருந்த மோலினாரி 12-வது ஹோலில் பந்தைத் தண்ணீரில் விட்டார், வுட்ஸ் ஒரு ஷாட்டில் ஜெயித்தார். அந்த மனிதருக்குக் கிடைத்த லாபம் 11.9 லட்சம் டாலர்.

இந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. அதே வாரம் மற்ற வீரர்கள் மீது கட்டித் தோற்றவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பெட்டிங் செய்திகளைப் படிக்கும்போது முதலில் மனசில் வைக்க வேண்டிய விஷயம் இதுதான்: ஜெயித்த டிக்கெட் மட்டும்தான் நம் கண்ணுக்கு வரும்.

வருஷத்துக்கு நாலு வாரம் சமூக வலைதளங்களில் கோல்ஃப் பேச்சு திடீரென்று ஏறும். ஆபீஸில் யாராவது ஒருவர் ‘ஷெஃப்ளர் மைனஸ் பன்னெண்டு’ என்பார். கூடவே ஆட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றும். இந்த எண்களுக்கு என்ன அர்த்தம், அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கலாம்.

அந்த நாலு போட்டிகள் எவை?

ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓபன், ஜூலையில் தி ஓபன். இதில் பழசு தி ஓபன். 1860-ல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் தொடங்கியது. வயதில் இளையது மாஸ்டர்ஸ், 1934. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒரே மைதானத்தில், ஜார்ஜியாவின் அகஸ்டா நேஷனலில் நடப்பது அது மட்டும்தான். மற்ற மூன்றும் மைதானம் மாறிக்கொண்டே இருக்கும். டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். அகஸ்டாவில் யார் எப்படி ஆடினார்கள் என்பதற்குப் பல வருஷக் கணக்கு இருக்கு. மற்ற இடங்களில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் நடந்த ஒரே ஒரு போட்டியை வைத்துத்தான் பேச முடியும்.

அகஸ்டா அனுபவத்தைக் கேட்கும் மைதானம். முதல்முறை ஆடவந்து அங்கே ஜெயித்த கடைசி ஆள் ஃபஸி ஸோலர், 1979-ல். அறிமுக வீரர் ஒருவர் மீது மாஸ்டர்ஸில் கவர்ச்சியான ஆட்ஸ் தெரிந்தால், அது ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கு என்பதற்குப் பாதி விடை இதில் கிடைத்துவிடும்.

நேரம் பற்றி ஒரு வரி. தி ஓபன் பிரிட்டனில் நடப்பதால், ஞாயிறு இரவு நமக்குத் தூங்கப்போகும் நேரத்தில் முடிந்துவிடும். மாஸ்டர்ஸ் முடிய திங்கள் விடியற்காலை நாலரை மணி ஆகும். லீவ் போடுவது உங்கள் இஷ்டம்.

லீடர்போர்டில் ‘-11’ என்றால் என்ன?

ஒவ்வொரு ஹோலுக்கும் ‘பார்’ என்று ஒரு எண் உண்டு. நல்ல வீரர் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. ஒன்று குறைவாக முடித்தால் பர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. 18 ஹோல் ஒரு ரவுண்ட். வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு ரவுண்ட். நாலையும் கூட்டி, பாரிலிருந்து எவ்வளவு குறைவு என்று காட்டுவதுதான் அந்த மைனஸ் எண்.

வெள்ளிக்கிழமை மாலை ‘கட்’ விழும். பலர் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாஸ்டர்ஸில் முதல் 50 இடங்களும் அதோடு சமமாக இருப்பவர்களும் தப்பிப்பார்கள். யுஎஸ் ஓபனில் அது 60, மற்ற இரண்டிலும் 70.

மைனஸ் எண்ணை ஒரு போட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஒப்பிடாதீர்கள். 2024 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை ஸாண்டர் ஷாஃப்லே -21 எடுத்து ஜெயித்தார். அடுத்த வருஷம் ஓக்மான்ட்டில் நடந்த யுஎஸ் ஓபனை ஜே.ஜே. ஸ்பான் ஜெயித்தது வெறும் -1-ல். மைதானத்தில் பாருக்குக் கீழே முடித்தது அவர் ஒருவர்தான். யுஎஸ் ஓபனை நடத்துபவர்கள் புல்லை வளர்த்து, கிரீனைக் கண்ணாடி மாதிரி இறுக்கி, வீரர்களைக் கஷ்டப்படுத்துவதில் ஒரு பெருமை வைத்திருக்கிறார்கள்.

ஆட்ஸை எப்படிப் படிப்பது?

ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதுவார்கள். பிரிட்டனில் 10/1, ஐரோப்பாவில் 11.0, அமெரிக்காவில் +1000. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: 1 கட்டினால் 10 லாபம், கட்டிய 1 திரும்ப வரும்.

இதைச் சதவீதமாக மாற்றினால்தான் தெளிவாகும். 1-ஐ ஐரோப்பிய எண்ணால் வகுங்கள். 11.0 என்றால் சுமார் 9%. வுட்ஸின் 14/1 என்பது 15.0, அதாவது 6.7%. பெட்டிங் நிறுவனம் அவருக்கு அவ்வளவு வாய்ப்பு தருவதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் அவர்களின் கமிஷன் ஒளிந்திருக்கு.

எப்படி? ‘இந்த இருவரில் யார் குறைவான ஸ்கோர் எடுப்பார்’ என்ற இரண்டு பேர் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமபலம் என்றால் இருவருக்கும் 2.0 இருக்க வேண்டும். ஆனால் இருவருக்கும் 1.91 தருவார்கள். 1.91 என்பது 52.4%. இரண்டையும் கூட்டினால் 104.8%. நிஜ உலகில் வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாது இல்லையா? அந்தக் கூடுதல் 4.8-தான் கடைக்காரரின் பங்கு. இரண்டு பேருக்கே இப்படி என்றால், 156 பேர் ஆடும் போட்டியில் ‘யார் சாம்பியன்’ என்ற பட்டியலில் ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பங்கைச் சேர்த்துவிடலாம். எல்லா வீரர்களின் சதவீதத்தையும் நீங்களே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுக் கூட்டிப் பாருங்கள். நூறில் நிற்காது.

‘டாப் 10’ பந்தயத்தில் இருக்கும் பொடி எழுத்து

சாம்பியனைக் கணிப்பது கஷ்டம் என்பதால் ‘முதல் 10 இடத்துக்குள் வருவார்’, ‘கட்டைத் தாண்டுவார்’ என்றெல்லாம் பந்தயம் உண்டு. பாதுகாப்பாகத் தெரியும். இங்கேதான் ‘டெட் ஹீட்’ விதி வருகிறது.

உங்கள் வீரர் முதல் 10-க்குள் வர 4.0 ஆட்ஸில் 100 டாலர் கட்டியதாக வைத்துக்கொள்வோம். அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து 9-வது இடத்தில் முடிக்கிறார்கள். மிச்சம் இருப்பது 9, 10 என்று இரண்டு இடங்கள், ஆட்கள் நாலு பேர். அதனால் உங்கள் பணத்தில் பாதிக்குத்தான் ஜெயிப்பு. 50 × 4 = 200 டாலர் வரும். லாபம் 300 என்று நினைத்திருந்தீர்கள், கிடைத்தது 100. கோல்ஃபில் ஒரே இடத்தில் பலர் சமமாக முடிப்பது தினசரி நடப்பு என்பதால் இது அபூர்வ விபத்து இல்லை.

பிரிட்டனில் பிரபலமான ‘ஈச் வே’ என்பது ஒரே டிக்கெட்டில் இரண்டு பந்தயம். 50/1 வீரர் மீது 10 பவுண்ட் ஈச் வே என்றால் மொத்தம் 20 பவுண்ட் போகும். முதல் 8 இடங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆட்ஸ் என்ற நிபந்தனையில் அவர் தனியாக 6-வது இடத்தில் முடித்தால், சாம்பியன் பந்தயத்தின் 10 பவுண்ட் காலி. இட பந்தயம் 10/1 கணக்கில் 110 பவுண்ட் தரும். 8-வது இடத்தில் ஐந்து பேர் சமம் என்றால்? மறுபடியும் டெட் ஹீட்.

டேட்டா எதைச் சொல்லும், எங்கே கைவிடும்?

கோல்ஃப் டேட்டாவில் நிஜமாகவே பெரிய மாற்றம் கொண்டுவந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. அவர் உருவாக்கிய ‘ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்’ அளவீட்டை பிஜிஏ டூர் 2011-ல் முதலில் பட்டிங்குக்கு எடுத்துக்கொண்டது. யோசனை எளிமையானது. எட்டு அடி தூரத்திலிருந்து ஒரு டூர் வீரர் பாதித் தடவை பந்தைக் குழியில் போடுவார். அதாவது அங்கிருந்து முடிக்க சராசரி 1.5 அடி. ஒரே அடியில் போட்டால் அரை ஷாட் லாபம், இரண்டு எடுத்தால் அரை ஷாட் நஷ்டம். இப்படி ஒவ்வொரு ஷாட்டுக்கும் கணக்குப் போட்டால், ஒருவர் எங்கே ஜெயிக்கிறார், எங்கே தோற்கிறார் என்று தனித்தனியாகப் பிரிக்க முடிகிறது.

இதிலிருந்து தெரிந்த முக்கியமான விஷயம்: கிரீனை நோக்கி அடிக்கும் ‘அப்ரோச்’ ஷாட்டில் ஒருவருக்கு இருக்கும் திறமை வாராவாரம் ஓரளவு நிலையாக இருக்கு. பட்டிங் அப்படி இல்லை, ஒரு வாரம் தங்கம், அடுத்த வாரம் தகரம். அதனால் போன வாரம் பட்டிங்கில் பறந்த ஒருவரைப் பார்த்து ‘ஃபார்மில் இருக்கார்’ என்று சொல்வதை நான் நம்புவதில்லை. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அதைத்தான் அதிகம் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

டேட்டா எங்கே கைவிடும்? ஒன்று, வானிலை. தி ஓபனில் காலையில் ஆடியவர்களுக்கு வெயில், மதியம் ஆடியவர்களுக்குக் கடற்காற்று என்று ஆகிவிட்டால் திறமைக்கு வேலை குறைவு. இன்னொன்று, கடைசி நாள் கைநடுக்கம். 1999-ல் கார்னூஸ்டியில் ஜான் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு மூன்று ஷாட் முன்னிலையோடு வந்து, ஏழு அடி எடுத்து, பிளேஆஃபில் தோற்றார். ஜெயித்த பால் லாரி அன்று காலை பத்து ஷாட் பின்னால் இருந்தவர். 2024 யுஎஸ் ஓபனின் கடைசி மூன்று ஹோல்களில் ரோரி மக்கில்ராய் நாலடிக்கும் குறைவான இரண்டு பட்டைத் தவறவிட்டார். பிரைசன் டிஷாம்போ ஒரு ஷாட்டில் ஜெயித்தார். பத்தே மாதத்தில் அதே மக்கில்ராய் மாஸ்டர்ஸ் பிளேஆஃபில் ஜஸ்டின் ரோஸை வென்று, நாலு மேஜரையும் வென்ற ஆறாவது மனிதர் ஆனார். எந்த மாடலும் இந்த இரண்டையும் முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்காது.

2003-ல் தி ஓபனை ஜெயித்த பென் கர்டிஸ், உலகத் தரவரிசையில் அப்போது 396-வது இடம். அதே நேரம் 2025-ல் முதலிடத்தில் இருந்த ஸ்காட்டி ஷெஃப்ளர் நாலில் இரண்டு மேஜரை அள்ளினார். ஒரு வீரருக்கு 20% வாய்ப்பு என்றாலே அது கோல்ஃபில் ராஜ மரியாதை. அப்போதும் ஐந்தில் நாலு தடவை அவர் தோற்பார்.

இந்தியாவிலிருந்து பெட் கட்டலாமா?

நேரடி பதில்: ஆன்லைனில் முடியாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி, பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவாக இருந்தாலும் அது தடை செய்கிறது. ‘இது திறமை, அதிர்ஷ்டம் இல்லை’ என்ற பழைய வாதத்துக்கு அங்கே இடம் இல்லை. குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். அந்தத் தீர்ப்பை கோல்ஃப் பெட்டிங்குக்கு நீட்டிப் பேசுபவர்களைப் பார்க்கலாம், புதிய சட்டத்துக்கு முன் அது நிற்பது கடினம்.

இப்படி ஆட்டம் நடத்துபவர்களுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவர்களுக்கு 2 வருஷம், 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் நிறுவனங்களும் மாட்டும். ஆடுபவரை மத்தியச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: 2022-ல் கொண்டுவரப்பட்ட மாநிலச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இது போக, ஸ்வீப்ஸ்டேக்ஸ் மாதிரியானவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அந்நியச் செலாவணி விதிகளும் தடை போடுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் டெலிகிராமில் ‘ஐடி’ தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். வெளிநாட்டுத் தளம், உள்ளூர் ஏஜென்ட், யாரோ ஒருவர் பெயரில் யுபிஐ. நீங்கள் ஜெயித்த பணத்தை அவர்கள் தரவில்லை என்றால் புகார் கொடுக்க உங்களுக்கு ஒரு இடமும் கிடையாது. உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

சட்டப்படி அனுமதி இருக்கும் நாடுகளிலும் கதை சுகமாக இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் மாநிலங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆறு மேஜர் வென்ற ஃபில் மிக்கெல்சன் தன் சூதாட்டப் பழக்கம் அடிமைத்தனமாக மாறிவிட்டது என்று 2023-ல் வெளிப்படையாகச் சொன்னார். கோடி கோடியாகச் சம்பாதித்தவர், விளையாட்டை உள்ளிருந்து அறிந்தவர்.

பணம் இல்லாமல் ஃபாலோ பண்ண ஒரு வழி

இந்திய வீரர்களை வைத்துத் தொடங்கலாம். 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் அனிர்பன் லாஹிரி 5-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2023 தி ஓபனில் சுபங்கர் சர்மா 8-வது இடத்தைப் பகிர்ந்தார். இந்திய வீரர் மேஜரில் ஆடும் வாரத்தில் வெள்ளிக்கிழமை கட் லைனைப் பார்ப்பதே ஒரு த்ரில்தான்.

ஆபீஸில் செய்ய ஒரு ஆட்டம்: தரவரிசையை நாலு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் குழுவுக்கு ஒருவராக நாலு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். புதன் இரவோடு லிஸ்ட் மூடிவிட வேண்டும். கட்டில் விழுந்த வீரருக்கு மிச்ச இரண்டு நாளுக்கும் தலா 80 அடி என்று போடுங்கள். நாலு பேரின் மொத்தம் யாருக்குக் குறைவோ அவர் வெற்றி. சமம் என்றால், சாம்பியனின் இறுதி ஸ்கோரை யார் கிட்டத்தட்ட சரியாகச் சொன்னார் என்று பார்த்துக்கொள்ளலாம். அதையும் புதன்கிழமையே எழுதி வாங்கிவிடுங்கள். பரிசாகக் காசு வைக்காதீர்கள், தோற்றவர் டீ போடட்டும்.