கொழுப்பு ஊர்தியும் நுண்ணோக்கியும்

உயிரணுவுக்குள் மரபுச் செய்தியொன்றை அனுப்புவது எளிதன்று. டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் எதிர்மின்சுமை தாங்கியவை. உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வு அவற்றை உள்ளே விடுவதில்லை. இரத்தத்தில் தனித்துச் செல்லும் ஆர்.என்.ஏ.யை நொதிகள் விரைவில் சிதைத்துவிடுகின்றன. ஆகவே அதைச் சுமந்து செல்ல ஓர் ஊர்தி தேவை. கொழுப்பே அவ்வூர்தியாக அமைந்த வரலாறு, நுண்ணோக்கியின் வரலாற்றோடு பிணைந்தது.

1931-இல் பெர்லின் நகரில் ருஸ்காவும் நோலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வழிகோலினர். 1960-களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரகாமில், பாங்கம் என்பவர் ஹார்னுடன் சேர்ந்து முட்டைக் கொழுப்பை நீரில் கலந்து அக்கருவியில் நோக்கினார். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்கான குமிழிகள் தென்பட்டன. 1964-இல் அப்படங்கள் வெளியாயின. பின்னாளில் லிப்போசோம் எனப் பெயர் பெற்றவை இவையே. 1987-இல் அமெரிக்காவில் பெல்க்னரும் அவர் குழுவினரும், நேர்மின்சுமையுள்ள கொழுப்பைக் கொண்டு டி.என்.ஏ.யை உயிரணுக்களுக்குள் புகுத்திக் காட்டினர்.

ஆயின், அவ்வூர்தியினுள் சரக்கு எவ்வாறு அமர்ந்திருக்கிறது? எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம். அங்கே நீர் ஆவியாகிவிடும். உலர்ந்து சாயமேறிய குமிழியில் நாம் காண்பது இயற்கையின் வடிவமா, உலர்த்தலின் விளைவா என்னும் ஐயம் எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹைடல்பர்க் நகரில் டூபோஷே இதற்கு விடை கண்டார். மெல்லிய நீர்ப்படலத்தைக் கடுங்குளிரூட்டிய ஈத்தேனில் சட்டென அமிழ்த்தினால், நீர் பனிப்படிகமாக நேரமின்றிக் கண்ணாடிபோல் உறைகிறது. உள்ளிருக்கும் பொருள் உருக்குலையாமல் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவரும் பங்கு பெற்றார்.

1997-இல் ரெட்லர், சாபின்யா முதலியோர் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, அடுக்கிய பாய்களுக்கிடையே மூங்கில்களை வரிசையாகக் கிடத்தியதுபோல், கொழுப்பு ஏடுகளுக்கிடையே டி.என்.ஏ. இழைகள் கிடப்பதைக் கண்டனர். 2012-இல் உறைநிலைப் படங்கள் மற்றோர் உண்மையை உணர்த்தின: ஆர்.என்.ஏ. சுமக்கும் புதுவகைக் கொழுப்புத் துகள், நீர் நிரம்பிய வெற்றுக் குமிழியன்று. உள்ளே செறிவுமிக்க கருவுடையது.

அடுத்த ஆண்டு டிரெஸ்டன் நகரில் சேரியல் குழுவினர் சிறு ஆர்.என்.ஏ.க்களில் பொன்துகள்களைப் பொருத்தி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினர். உயிரணு விழுங்கியவற்றுள் நூற்றுக்கு ஒன்றிரண்டே அதன் உட்பைகளிலிருந்து தப்பி, பணிபுரியும் இடத்தை அடைந்தன. வாயிலைக் கடந்தும் சரக்கு திண்ணையிலேயே தங்கிவிட்டது!

இத்தகைய ஊர்தியில் அமைந்த முதல் ஆர்.என்.ஏ. மருந்தான பட்டிசிரான் 2018-இல் ஒப்புதல் பெற்றது. 2020-இன் இறுதியில் கோவிட் தடுப்பூசிகள் வந்தன. சிறு பங்கு தப்பினாலே இத்துணைப் பயன் எனின், அதை இருமடங்காக்கினால் குறைந்த மருந்தே போதுமன்றோ? மருந்து குறையின் செலவும் பக்கவிளைவும் குறைய வழியுண்டு. பொன்துகள்களைப் பொறுமையுடன் எண்ணிய அக்கணக்கு, இனி எங்கே உழைக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்க்குச் சுட்டிக்காட்டியது.