பதிவு போனாலும் கடன் போகாது

"கடைப் பதிவே இல்லாமல் போட்டுது, இனி அந்தக் கடனும் இல்லைத்தானே?" கிளிநொச்சி, முல்லைத்தீவு வியாபாரிகளிடம் இதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது.

பலர் சேர்ந்து நடத்தும் பங்குடமைக்கு இலங்கையில் இன்றும் 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டமே பொருந்துகிறது. கம்பனியைப் போல அதற்குத் தனி ஆளுமை கிடையாது. கடை அழிந்தாலும் கடன் பங்காளர்களின் சொந்தச் சொத்தைத் தேடி வரும். "நான் காசு மட்டும்தான் போட்டனான்" என்பது காப்பாற்றாது.

பங்காளர்களின் சொந்தப் பெயரல்லாத பெயரில் வியாபாரம் செய்தால், 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டப்படி பதிய வேண்டும். பங்காளர் மாறினாலும் அறிவிக்க வேண்டும். தவறினால், அந்தக் காலத்தில் செய்த ஒப்பந்தத்தை வைத்து நீங்கள் வழக்குப் போட முடியாது. மற்றவர் உங்கள் மீது போடலாம். நெல்லைக் கடனுக்கு விற்ற கடைக்காரர் கைகட்டி நிற்க, அவருக்கு உரம் கொடுத்தவர் நீதிமன்றம் போவார். வழக்கு வந்தால் எதிர்க்கோரிக்கை வைக்கலாம், அவ்வளவுதான். தவறுக்குப் போதிய காரணம் காட்டினால் நீதிமன்றம் நிவாரணம் தரலாம். 2009இல் ஆவணங்களை இழந்தது அப்படியொரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வன்னியில் பெரிய சிக்கல் வேறு. பங்காளர் இறந்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பங்குடமை கலைந்துவிடும். காணாமல் ஆக்கப்பட்டவர் இறந்தவரல்லர். மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்கள், 2016ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, அவர் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். சொத்து அலுவல்களுக்கு அது உதவும். ஆனால் பங்குடமையை அது தானாகக் கலைக்காது. பழைய ஒப்பந்தம் கையிலிருந்தால், சான்றிதழோடு அதையும் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.