ஜெய்ப்பூரில் இறங்கி, உதய்ப்பூரில் ஏறுங்க... நாலு ஊர் ராஜஸ்தான் ட்ரிப்புக்கு ஃப்ளைட், கார் பிளான்!

அஞ்சு நாள் லீவ், முன்னாடி பின்னாடி ரெண்டு வீக் எண்டு. சனிக்கிழமை காலையில் கிளம்பினால் அடுத்த வார ஞாயிறு ராத்திரி வரை 9 நாள் கையில் இருக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் 'ராஜஸ்தான்' என்று முடிவும் ஆகிவிட்டது. ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சால்மர், உதய்ப்பூர் என நாலு ஊர். உடனே எல்லோரும் செய்யும் வேலை, சென்னை டு ஜெய்ப்பூர் ரிட்டர்ன் டிக்கெட் தேடுவது. அங்கேதான் ஒரு முழு நாள் காலியாகிறது.

மேப்பைத் திறந்து பாருங்கள். ஜெய்ப்பூர் கிழக்கே இருக்கிறது. ஜெய்சால்மர் மேற்கே, பாலைவனத்தில். உதய்ப்பூர் தெற்கே. கடைசி ஊரான உதய்ப்பூரிலிருந்து ஃப்ளைட்டுக்காக மறுபடி ஜெய்ப்பூர் போக சுமார் 400 கிலோமீட்டர். ஏற்கெனவே பார்த்த ஊருக்கு, லீவ் நாளைச் செலவழித்து, காசும் கொடுத்துப் போகணுமா? ஜெய்ப்பூரில் இறங்கி உதய்ப்பூரில் ஏறிவிடுங்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் விலை போடுகிறார்கள். ரிட்டர்னாக எடுத்தால் பெரிய தள்ளுபடி கிடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. சந்தேகம் இருந்தால் ரெண்டு விதமாகவும் போட்டு, விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதைச் சேர்க்கணும், எதைப் பிரிக்கணும்?

சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. உதய்ப்பூரிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் மும்பையிலோ டெல்லியிலோ மாற வேண்டியிருக்கும். இந்த மாறும் பயணத்தை மட்டும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். 'உதய்ப்பூர் டு மும்பை ஒரு கம்பெனி, மும்பை டு சென்னை இன்னொரு கம்பெனி, 900 ரூபாய் மிச்சம்' என்று குரூப்பில் யாராவது கணக்குப் போடுவார்கள். முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவதை விட்டால், அந்த ரெண்டாவது கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. கவுன்ட்டரில் அன்றைய விலைக்குப் புது டிக்கெட்தான். ஒரே பி.என்.ஆர் என்றால் அடுத்த விமானத்தில் இடம் பார்த்துத் தர வேண்டியது அவர்கள் வேலை. பொங்கல் லீவில் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். டிசம்பர், ஜனவரி காலைப் பனிமூட்டத்தில் வட இந்திய விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வருடா வருடம் நடப்பது. டெல்லியில் டி1-லிருந்து டி3-க்கு, மும்பையில் டி1-லிருந்து டி2-க்கு நடந்து போக முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஆனால் போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் ஒரே புக்கிங்கில் போடாமல் தனித்தனியாக எடுப்பது நல்லது. காரணம் இதுதான். ஒரே புக்கிங்கில் முதல் பயணத்துக்கு நீங்கள் போகாமல் விட்டால், சிஸ்டம் 'நோ ஷோ' போட்டு மீதி டிக்கெட்டையும் கேன்சல் செய்துவிடலாம். ஆபீஸ் வேலையால் ரெண்டு நாள் லேட்டாகக் கிளம்பும் நண்பர் எல்லா கேங்கிலும் ஒருத்தர் உண்டு. அவருக்கு இது பெரிய ஆபத்து.

ட்ரிப்பே கேன்சல் ஆனால்? 'நான் ரீஃபண்டபிள்' டிக்கெட்டிலும் விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் திருப்பித் தர வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ விதி. கேன்சலேஷன் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் ரெண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. கேட்டு வாங்குங்க பாஸ்.

உதய்ப்பூர் டிக்கெட் விலை எகிறினால் அகமதாபாத்தைப் பாருங்கள். உதய்ப்பூரிலிருந்து சாலையில் சுமார் 260 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு நேரடி விமானங்கள் உண்டு. நாலு பேர் என்றால் டிக்கெட்டில் மிச்சமாவது டாக்ஸி செலவைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. தனியாகப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

காருக்கு வருவோம்

செல்ஃப் டிரைவ் கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் எடுத்த ஊரிலேயே வண்டியை விட வேண்டும் என்பதுதான் பல கம்பெனிகளின் கண்டிஷன். நம் ரூட்டோ ஒரு ஊரில் தொடங்கி இன்னொரு ஊரில் முடிகிறது. அதனால் டிரைவரோடு டாக்ஸிதான் இதற்குச் சரி. 'ஒன் வே என்றால் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் காசு' என்பார்கள். அது நியாயமும்கூட. கணக்கை மட்டும் நாமே போட்டுப் பார்க்கணும்.

வெளியூர் டாக்ஸிக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் மினிமம். மூணாவது நாள் ஜெய்ப்பூரில் ஏறி எட்டாவது நாள் உதய்ப்பூரில் விட்டால் 6 நாள், 1,500 கிலோமீட்டர். நிஜத்தில் ஓடுவது? ஜெய்ப்பூர் - ஜோத்பூர் 340, ஜோத்பூர் - ஜெய்சால்மர் 280, ஜெய்சால்மர் - உதய்ப்பூர் 500. மொத்தம் 1,120. அதோடு வண்டி ஜெய்ப்பூர் திரும்ப 400 சேர்த்தால் 1,520. ஆக, திரும்பும் தூரம் கிட்டத்தட்ட மினிமத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 'ரிட்டர்ன் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21,000 ரூபாய் சொச்சம். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், இரவு சார்ஜ் எதெல்லாம் உள்ளே, எதெல்லாம் வெளியே என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். டிரைவர் ராத்திரி எங்கே தங்குவார் என்பதையும் கேளுங்கள். சரியாகத் தூங்காத மனிதரை 500 கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது நமக்கும்தான் ரிஸ்க்.

ரெண்டு பேர் மட்டும்தானா? 6 நாள் கார் அநாவசியம். ஜெய்ப்பூர் - ஜோத்பூர், ஜோத்பூர் - ஜெய்சால்மர் ரெண்டுக்கும் ரயில் இருக்கிறது. ஜெய்சால்மர் கோட்டைக்குள் இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள். அந்தச் சந்துகளில் கார் எதற்கு? ஜோத்பூர் பழைய நகரத்துக்கும் ஆட்டோதான் லாயக்கு. ரயிலிலேயே ஜோத்பூர் திரும்பி, அங்கிருந்து உதய்ப்பூர் வரை மட்டும் ரெண்டு நாளைக்கு டாக்ஸி எடுங்கள். வழியில் ரணக்பூர் ஜெயின் கோயிலும் கும்பல்கர் கோட்டையும் வருவதால், கார் தன் காசுக்கு உழைக்கும் பகுதி இதுதான். ரணக்பூரில் சுற்றுலாப் பயணிகளுக்கு மதியம் 12 மணிக்கு மேல்தான் அனுமதி, பெல்ட், பர்ஸ் உட்பட தோல் பொருள்கள் உள்ளே கூடாது. காலை 7 மணிக்கே கிளம்பி 10 மணிக்குப் போய் நிற்க வேண்டாம்.

இல்லை, ஓட்டியே தீருவேன் என்றால் உதய்ப்பூரில் எடுத்து சித்தோர்கர் போய்விட்டு உதய்ப்பூரிலேயே விடுங்கள். வாடகை வண்டிக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை பிளேட் சொந்தக் காரை வாடகைக்கு எடுத்து விபத்தானால், இன்ஷூரன்ஸ் க்ளைம் நிராகரிக்கப்படலாம். சாவியை வாங்கியதும் பம்பர், டயர், கண்ணாடி, பெட்ரோல் அளவு, ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல. டெபாசிட் தகராறில் உங்கள் கையில் இருக்கப்போகும் சாட்சி அது ஒன்றுதான். லைசென்ஸை டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள், தமிழ்நாட்டு லைசென்ஸ் அங்கேயும் செல்லும்.

புக்கிங் வரிசை? முதலில் ஃப்ளைட், பிறகு ரயில், அப்புறம் இலவச கேன்சலேஷன் உள்ள ஹோட்டல், கடைசியில் கார். தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரம் என்றால் மட்டும் காரையும் ஃப்ளைட்டோடு சேர்த்தே பேசிவிடுங்கள்.