அகல்கோண லென்ஸும் கேமராவின் ஆடியும்: ஒரு தேர்வின் முன்வரலாறு

இந்தியக் கட்டடங்களை ஓவியர்களைக் கொண்டு வரைவிப்பதைவிட ஒளிப்படமாகப் பதிவதே நம்பகமானது என்னும் முடிவுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 1850களின் நடுவில் வந்தது. 1855இல் பம்பாய் மாகாணத்தில் கேப்டன் தாமஸ் பிக்ஸ் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணத்தில் லின்னேயஸ் டிரைப் அரசு ஒளிப்படக்காரராகப் பணியாற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 1858இல் டிரைப் பதிவு செய்தார். 21 அச்சுகளை ஒட்டி இணைத்துச் சுமார் 19 அடி நீளமுள்ள சுருளாக அதனை ஆக்கினார். லென்ஸின் பார்வைக்குள் அடங்காததை அவர் நடந்து நடந்து அடக்கினார் எனலாம்.

அன்றைய லென்ஸ்களின் பார்வை குறுகியது. 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸ் மிகுந்த ஒளியை உள்ளே விட்டதாயினும் மனித முகங்களுக்கே ஏற்றது. படத்தின் ஓரங்களில் தெளிவு குன்றியது. இயற்கைக் காட்சிக்கான எளிய லென்ஸ்களோ ஓரத்து நேர்கோடுகளை வளைத்தன. மலைக்கு அந்த வளைவால் இழப்பில்லை. தூணுக்கும் உத்தரத்துக்கும் பேரிழப்பு. 1866இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் இங்கிலாந்தில் டால்மேயரும் தனித்தனியே ஒரே தீர்வை எட்டினர். நடுவிலுள்ள துளைக்கு இருபுறமும் ஒத்த வடிவுடைய லென்ஸ் தொகுதிகளை வைத்தால், ஒன்று உண்டாக்கும் வளைவை மற்றொன்று நீக்கிவிடும். இச்சமச்சீர் நெறியின் உச்சமாக 1900இல் கோயர்ஸ் நிறுவனத்தின் ஹைப்பர்கான் வெளிவந்தது. அதன் பார்வைக்கோணம் 135 பாகை. கோணம் விரிய விரியப் படத்தின் ஓரங்களை அடையும் ஒளி வேகமாகக் குறையும். மையத்திலிருந்து 45 பாகை விலகிய இடத்தில் அது நாலில் ஒரு பங்காகிவிடும். இதைச் சமன்செய்ய ஹைப்பர்கானின் முன்னே விண்மீன் வடிவச் சிறு விசிறி ஒன்று காற்றழுத்தத்தால் சுழன்று, நடுவில் விழும் ஒளியைச் சிறிது நேரம் மறைத்தது.

சமச்சீர் லென்ஸுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குவியத்தூரம் குறையக் குறைய அது ஃபிலிமை நெருங்கி அமர வேண்டும். ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் என்னும் எஸ்எல்ஆர் கேமராவில் அதற்கு இடமில்லை. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே, காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும் ஆடி மேலெழுந்து இறங்க வேண்டும். 1959இல் வெளியான நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மி.மீ. அக்கேமராவுக்கென வந்த 21 மி.மீ. லென்ஸைப் பொருத்த, ஆடியை மேலே தூக்கிப் பூட்ட வேண்டியிருந்தது. காட்சியைப் பார்க்கக் கேமராவின் மேல் தனியே ஒரு நோக்கியும் தேவைப்பட்டது. எந்தச் சிறப்புக்காக எஸ்எல்ஆர் வாங்கப்பட்டதோ, அச்சிறப்பே அங்கு இல்லாமற்போயிற்று.

இதற்கான விடை திரைப்படத்துறையில் முன்னரே முளைத்திருந்தது. டெக்னிகலர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே முப்பட்டகம் ஒன்று இருந்ததால், 1930களில் எச். டபிள்யூ. லீ தொலைநோக்கு லென்ஸின் அமைப்பைத் தலைகீழாக்கினார். முன்னே ஒளியை விரிக்கும் தொகுதி, பின்னே குவிக்கும் தொகுதி. இதனால் லென்ஸ் தள்ளி நின்றும் குறுகிய குவியத்தூரத்தைத் தர முடிந்தது. 1950இல் பிரான்சின் பியேர் ஆஞ்சினூ இந்நெறியில் 35 மி.மீ. லென்ஸைப் படைத்து ‘ரெட்ரோஃபோகஸ்’ எனப் பெயரிட்டார். பருமனும் எடையும் கூடின. சமச்சீர் குலைந்ததால் கோடுகளின் வளைவும் திரும்ப வந்தது. ஆடிக்காகச் செய்துகொண்ட சமரசமாகவே நெடுங்காலம் அது கருதப்பட்டது.

டிஜிட்டல் காலம் இம்மதிப்பீட்டை மாற்றியது. ஃபிலிமில் ஒளி எவ்வளவு சாய்வாக விழுந்தாலும் பெரிதும் இழப்பில்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிறு குழியின் அடியில் இருப்பதைப் போன்றது. செங்குத்தாக வரும் ஒளியையே அது நன்கு ஏற்கும். பின்தள்ளி நிற்கும் ரெட்ரோஃபோகஸ் லென்ஸிலிருந்து ஒளி அவ்வாறே வருகிறது. ஆடியின் பொருட்டு ஏற்ற குறை, ஆடியோடு தொடர்பில்லாத சென்சாருக்கு நிறைவாயிற்று.

ஆயினும் சென்சார் வேறொன்றைப் பறித்தது. 1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவின் சென்சார் 23.7 × 15.6 மி.மீ.; ஃபிலிம் சட்டகமோ 36 × 24 மி.மீ. ஐந்து மீட்டர் தொலைவிலிருந்து ஏழரை மீட்டர் அகலச் சுவரை ஃபிலிமில் அடக்கிய 24 மி.மீ. லென்ஸ், இங்கே ஐந்து மீட்டரைத்தான் அடக்கியது. அகல்கோண லென்ஸ்கள் ஒரே நாளில் சாதாரண லென்ஸ்களாயின. பின்வாங்க இடமற்ற காசியின் சந்துகளிலும் பீஜப்பூர்க் கோல் கும்பஸின் கூடத்திலும் இது பெரும் தடை. சிறிய சென்சாருக்கென்றே நிக்கான் 2003இல் 12-24, கேனன் 2004இல் 10-22, சிக்மா 2005இல் 10-20 மி.மீ. லென்ஸ்களைக் கொணர்ந்தன. டிஎஸ்எல்ஆருக்கு எந்த அகல்கோண லென்ஸை வாங்குவது என்னும் வினா இக்காலத்துக் குழந்தை.

விடை தேடுவோர் பெரும்பாலும் விலையையும் கூர்மையையும் ஒப்பிடுகின்றனர். வரலாறு வேறு மூன்றைக் கேட்கச் சொல்கிறது. முதலாவது, மில்லிமீட்டரின் எடை. 50க்கும் 52க்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகை. சிறிய சென்சாரில் 10க்கும் 12க்கும் உள்ள வேறுபாடு கிடைமட்டத்தில் பத்துப் பாகை. இரண்டாவது, ஒளி. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்க அனுமதி பெற வேண்டும். இருண்ட கருவறை மண்டபத்தில் கேமராவைக் கையில் பிடித்தே படமெடுப்பவருக்கு, எஃப்/2.8 துளை எஃப்/4 துளையைவிட இருமடங்கு ஒளி தரும். 2008இல் விற்பனைக்கு வந்த டோக்கினா 11-16 லென்ஸ் விரும்பப்பட்டதற்கு இதுவே காரணம். மூன்றாவது, நேர்கோடு. பீப்பாய் போல் வளையும் கோட்டை மென்பொருளால் பெரும்பாலும் நிமிர்த்தலாம். மீசை போல் நெளியும் கோட்டை நிமிர்த்துவது கடினம்.

இவற்றுக்கும் மேலே, எந்த விலையாலும் தீராத ஒன்று உள்ளது. நேர்கோட்டை நேராகக் காட்டும் அகல்கோண லென்ஸ், ஓரத்திலுள்ள பொருளை அகலமாக இழுத்தே தீரும். ஓரத்துத் தூண் நடுத்தூணைவிடப் பருத்துத் தெரியும். உருண்டைக் கலசம் முட்டையாகும். இது லென்ஸின் பழுதன்று. விரிந்த பார்வையைத் தட்டையான பரப்பில் விரிப்பதன் கணக்கு. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்சாயும். அழகுக்கான படத்தில் இது சுவை கூட்டலாம். ஆனால் சிதைந்துகொண்டிருக்கும் மண்டபம் ஒன்றின் கடைசிச் சான்றாக அப்படம் எஞ்சிவிட்டால், நாளை அதை அளந்து பார்ப்பவர் இல்லாத பருமனை இருந்ததாகக் கொள்வார்.

ஆகவே ஆவணப் படங்களுக்கு, இடம் தருமளவும் பின்வாங்கி நின்று, தேவையான குறைந்தபட்ச அகலத்தையே பயன்படுத்துவது நன்று. குவியத்தூரமும் எடுத்த இடமும் படத்தோடு பதிவாக வேண்டும். நீண்ட சுவருக்கு, சுவரோடு இணையாக நகர்ந்து எடுத்த பல படங்களை இணைப்பதே இன்றும் சிறந்த வழி. டிரைப் ஒட்டிய 21 அச்சுகளில் ஓரத்து எழுத்தும் நடு எழுத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பது அந்த வழியின் பயன்.