கோபுரம் தெரிகிறது, குடியிருப்பவன்?

மதுரையில் மீனாட்சி கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது. 1997 அரசாணை. தெற்குக் கோபுரமோ சுமார் 50 மீட்டர். அதை எதுவும் மறைக்கக்கூடாது என்பது வாதம். ‘காலங்காலமா ஊர் இப்படித்தான் இருந்துச்சு’ என்கிற குரலும் கூடவே வருகிறது.

இருந்ததா? இந்த ஊரைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1837ஐ ஒட்டி, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். வேலை செய்தவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை என்று ஏற்பாடு. வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படி வந்தவை. அதாவது, ஊரைப் பரப்பி மக்களைக் குடியேற்றியது அரசு. பிறகு வானத்துக்குக் கோடு போட்டதும் அரசுதான்.

மேலே போக வழியில்லாத நெரிசல் பக்கவாட்டில் பிதுங்கும். திண்ணை கடையாகும், முற்றத்தின்மேல் தளம் விழும், ஒரே வீடு நாலு குடித்தனமாகும். விதியை மீறியவர்கள் மேல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆனால் உயர வரம்பு கட்டடத்தைத்தான் அளக்கும். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று அளக்காது.

சரி, வரம்பை எடுத்துவிட்டால்? லாட்ஜ் வளரும், வாடகைக்காரன் வெளியேறுவான். கோபுரத்தின் பார்வையைக் காக்கச் சட்டம் போட முடிந்த அரசால், அதன் நிழலில் வாடகைக்குக் கிடப்பவனின் இருப்பைக் காக்கவும் முடியும். அதைக் கேட்காத பாரம்பரியப் பேச்சு, சொத்துள்ளவர்களின் பேச்சுதான்.