அடித்துத் திருத்திய ஒரு சொல்

கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று வெளியேறும் மாணவருக்கென அச்சிட்டு வைத்திருந்த சான்றிதழ்ப் படிவத்தில், மாணவரைச் சுட்டும் ஆங்கிலச் சொல் ஆண்பாலிலேயே அமைந்திருந்தது. 1943-44ஆம் ஆண்டில் அச்சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுத வேண்டியதாயிற்று. அச்சான்றிதழைப் பெற்றவர் அய்யலசோமயாஜுல லலிதா. இந்தியாவின் முதற் பெண் எஞ்சினீயர் என்று அவரை நாம் போற்றுகிறோம்.

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது அக்கல்லூரி. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பெண்கள் அங்கே மாணவராக இடம் பெறவில்லை. லலிதா எவ்வாறு இடம் பெற்றார் என்று நோக்குவோமாயின், இன்றும் நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று புலனாகும்.

1919இல் சென்னையில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் அவர் பிறந்தார். 15ஆம் வயதில் திருமணம் நடந்தது. 18ஆம் வயதில், நான்கு மாதக் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். விதவையின் வாழ்வு வீட்டின் மூலையிலேயே ஒடுங்கிவிடும் என்றிருந்த காலம் அது. லலிதாவோ கற்றுத் தேர்ந்து தம் காலில் நிற்கத் துணிந்தார். மருத்துவத் துறை பெண்களுக்கு முன்பே திறந்திருந்தது. ஆனால் நள்ளிரவிலும் அழைப்பு வரும் அத்தொழில், குழந்தையை வளர்க்க வேண்டிய தாய்க்குப் பொருந்தாது என்று அவர் கருதினார். அவருடைய தந்தையார் பப்பு சுப்பா ராவ் கிண்டிக் கல்லூரியில் மின்சாரப் பொறியியற் பேராசிரியர். அவர் மகளின் பொருட்டுக் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமும் இசைவளித்தார்.

வாயில் திறந்துவிட்டது. எனினும், நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக விடுதியில் கழித்த மாலைப் பொழுதுகளின் தனிமையை ஆணை ஒன்றினால் போக்கிவிட முடியுமா? பெண்களையும் சேர்த்துக்கொள்வதாகக் கல்லூரி அறிவித்தது. லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் சிவில் எஞ்சினீயரிங் பயில வந்து சேர்ந்தனர். இருவரும் லலிதாவுக்கு ஓராண்டு இளையவர்கள். போர்க்காலத்தை முன்னிட்டுப் படிப்பின் காலம் குறைக்கப்படவே, மூவரும் ஒருங்கே பட்டம் பெற்றனர்.

பின்னர் லலிதா ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். 1944இல் சிம்லாவில் அரசாங்கப் பணியில் அமர்ந்தார். 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்கடத்தும் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்குண்டு. இளம் விதவை தனித்துப் பயணம் செய்வதை அன்றைய சமூகம் எளிதில் ஏற்கவில்லையாதலால், அவருடைய பணி பெரும்பாலும் அலுவலகத்திலேயே நிகழ்ந்தது. குழந்தையைப் பேணுவதில் உறவினர் துணை நின்றனர். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதலாவது பன்னாட்டுப் பெண் எஞ்சினீயர், விஞ்ஞானியர் மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். 1979இல் தம் 60ஆம் வயதில் மறைந்தார்.

அவரோடு பயின்ற திரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை எஞ்சினீயர் ஆனார். கல்லூரியின் அறிவிப்பு வெளிவந்திராவிடில், அப்பதவியில் ஒரு பெண்ணைக் காண நாடு இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்திருக்குமோ!

லலிதாவின் அறிவையும் ஊக்கத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வழக்கத்தை மீறத் துணிந்த முதல்வர், மகளுக்காகப் பரிந்து பேசிய தந்தை, விடுதியில் உடனிருந்த தோழியர், குழந்தையைப் பார்த்துக்கொண்ட உறவினர் ஆகிய இவர்களில் ஒருவர் இல்லாதிருந்தாலும் அவர் பாதை இடையிலேயே அறுந்திருக்கக் கூடும். பேராசிரியரைத் தந்தையாகப் பெறாத பெண்கள் எத்தனை பேர் அந்த வாயிலை எட்டாமலே நின்றுவிட்டனர் என்பதற்குக் கணக்கில்லை.

ஆகவேதான் தனியொருவரின் கருணைக்கு விடாமல், நிறுவனங்களே முன்வர வேண்டும் என்கிறோம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2018 முதல், மற்றவர்களின் இடங்களைக் குறைக்காமல், மாணவியருக்கெனக் கூடுதல் இடங்களை ஏற்படுத்தின. அது நல்ல தொடக்கம். கல்லூரியில் இடம் தந்தால் மட்டும் போதாது. பணியிடத்தில் பாதுகாப்பான தங்குமிடம், குழந்தைக் காப்பகம், கட்டுமானக் களத்திலும் கழிப்பறை, உடன் உழைக்கும் பெண்கள் ஆகிய யாவும் அமைய வேண்டும். கணக்கிலும் கருவிகளிலும் ஆர்வம் காட்டும் சிறுமி நம் வீட்டில் இருப்பாளாயின், சுப்பா ராவைப் போல அவளுக்காகப் பேசுவது நம் கடமை.