நோயாளிச் சிறுவன் இமாமான வரலாறு



கௌகஸ் மலைத்தொடரிலே தாகெஸ்தான் என்றொரு பிரதேசம் உண்டு. அங்கே கிம்ரி என்னும் கிராமத்தில் 1797ஆம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. பாட்டனாரின் நினைவாக அலீ எனப் பெயரிட்டார்கள். பிள்ளையோ ஓயாத சுகவீனத்தால் மெலிந்து கிடந்தது. பெயரை மாற்றினால் நோய் விலகும் என்பது அம்மலைவாசிகளின் நம்பிக்கை. அவ்வாறே ஷாமில் என்று அழைக்கலாயினர். அந்நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

உடல் தேறியதும் சிறுவன் சும்மா இருக்கவில்லை. ஓட்டம், தாண்டுதல், மல்யுத்தம், நீச்சல் என இடைவிடாது பழகினான். பனியிலும் வெறுங்காலுடன் திரிந்தான். தகப்பனார் மதுவுக்கு அடிமையாகியிருந்தார். அதை விடாவிட்டால் தன்னுயிரையே மாய்த்துக்கொள்வதாக மகன் கூற, அவர் குடியை விட்டார் என்று சொல்லப்படுகிறது. மகனின் சொல் மார்க்கத்துக்கு ஒவ்வாததுதான்; எனினும் ஒரு பிள்ளையை அப்படிப் பேசவைத்த வீட்டின் நிலையை, தந்தையரே, எண்ணிப் பாருங்கள்.

மார்க்கக் கல்வியில் அவருக்கு வழித்துணையாக இருந்தவர் அயலவரும் நண்பருமான காஸி முஹம்மத். அவரே ரஷ்யப் பேரரசை எதிர்த்த முதலாவது இமாம். 1832இல் கிம்ரியில் அவர் ஷஹீதானார். ரஷ்யப் படையினர் சூழ்ந்து நின்ற வீட்டிலிருந்து ஷாமில் அவர்களின் தலைக்கு மேலாகப் பாய்ந்து வெளியேறினார். நெஞ்சிலே துப்பாக்கி ஈட்டி துளைத்தது. சிறுவயதில் பழகிய தாண்டுதல் அன்று உயிரைக் காத்தது. மருத்துவம் அறிந்த மாமனாரின் சிகிச்சையில் பல மாதங்களின் பின் தேறி, 1834இல் மூன்றாவது இமாமானார். அதன்பின் 25 ஆண்டுகள் போர்.

அவற்றுள் மிகக் கொடியது 1839ஆம் ஆண்டின் அகுல்கோ முற்றுகை. ஏறத்தாழ 80 நாட்கள் நீடித்த அதிலே மனைவியொருவரையும் கைக்குழந்தையையும் இழந்தார். பேச்சுவார்த்தைக்காக மூத்த மகன் ஜமாலுத்தீனைப் பணயமாகக் கொடுத்தார். சிறுவனைத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுசென்று ரஷ்ய அதிகாரியாக வளர்த்தார்கள். மகனை மீட்பதற்காக 1854இல் ஜோர்ஜிய இளவரசியரையும் பிள்ளைகளையும் இமாமின் படை சிறைப்பிடித்தது. அச்செயலைப் புகழ நம்மால் இயலாது. எட்டு மாதங்களின் பின், 1855இல், கைதிகள் மாற்றப்பட்டனர். மகன் திரும்பினார், ஆனால் தாய்மொழி ஏறத்தாழ மறந்திருந்தது, மனமும் மலைகளில் ஒட்டவில்லை. காசநோய் கண்டபோது, போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, ரஷ்ய மருத்துவர் ஒருவரை வரவழைக்க இமாம் இணங்கினார். பயனில்லை. 1858இல் ஜமாலுத்தீன் வபாத்தானார்.

மறுவருடம் குனிப் மலையில் இமாம் சரணடைந்தார். பகைவர்கள் அவரைக் கொல்லவில்லை. கலூகா நகரிலே மரியாதையுடன் வைத்திருந்தார்கள். ஹஜ்ஜுக்குச் செல்ல 1869இல் அனுமதி கிடைத்தது. 1871இல் மதீனாவில் காலமாகி, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கப்பட்டார்.